சுருட்டும் பாய் சின்னம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அடுத்தவர் எழுதிக் கொடுத்ததை மைக்கில் வாசிப்பதுதான் என் தொழிலாக இருந்தது. எழுதுவது என் தொழில் அல்ல. மைக்செட் வைத்திருப்பவர்களும் அறிவிப்பாளர்களும் சேர்ந்து ஒரு மலர் போடுகிறோம், புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு உபயோகமாக ஏதாவது எழுதிக் கொடுங்கள் அண்ணாச்சி என்று கேட்டார்கள். மாட்டேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால் சரி என்று சொல்லிவிட்டேன். என் வாழ்க்கையில் முக்கியமான காரியங்கள் பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கின்றன.

கூச்சம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. கல்யாணப் பந்தியில் இரண்டாம் முறை சோறு கேட்க மாட்டேன். பஸ்ஸில் 'இறங்கணும்' என்று சத்தம் கொடுக்கக் கூசி, சேரன்மகாதேவியில் இறங்க வேண்டியவன் வீரவநல்லூரில் இறங்கித் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். இப்படிப்பட்டவன் எப்படி மைக் பிடித்தான் என்று கேட்பீர்கள். விஷயம் ரொம்பச் சாதாரணம். ஆட்டோவின் இரண்டு பக்கமும் படுதாவை இறக்கிவிட்டால் உள்ளே இருப்பவனை யாருக்கும் தெரியாது. குரல் மட்டும் வெளியே போகும். திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் வரைக்கும் ஆற்றோர ஊர்களில் என் குரலைத் தெரியாத வீடு கிடையாது. என் முகமோ என் தெருவிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கு அதுவே வசதியாக இருந்தது.

இந்த வயதில் ஓய்வா என்று சிலர் சிரிக்கிறார்கள். தொண்டையில் முடிச்சு விழுந்திருக்கிறது, இனிமேல் பையப் பேசுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பையப் பேசுகிறவனுக்கு நம் தொழிலில் என்ன வேலை?

கூம்பு ஒலிபெருக்கியை எந்தப் பக்கம் திருப்பிக் கட்ட வேண்டும், எதிர்க்காற்றில் எப்படிப் பேச வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். இப்போது குரலைப் பதிந்து பென்டிரைவில் போட்டுவிட்டு நீங்கள் டீ குடிக்கப் போய்விடுகிறீர்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் பென்டிரைவுக்குக் காது கிடையாது. நீங்கள் சொன்னது தெருவில் என்னவாகப் போய் விழுகிறது என்று அதற்குத் தெரியாது.

ஒருமுறை கல்லிடைக்குறிச்சியில் காணாமல் போன ஒரு வெள்ளாட்டுக்காக அறிவிப்புச் செய்தேன். "காணவில்லை. கறுப்பு நிறம், வலது காதில் சிறு கிழிசல். லட்சுமி என்று கூப்பிட்டால் ஓடி வரும்." ஆடு என்ற சொல்லை முதல் தெருவில் சொல்லியிருந்ததால் இரண்டாம் தெருவில் சொல்லவில்லை. அந்தத் தெருவில் லட்சுமி என்ற பெயரில் ஒரு பெண் இருந்தாள். அவளுடைய அண்ணன் சைக்கிளைக் குறுக்கே போட்டு வண்டியை மறித்தார். என் சட்டைக் காலரில் அவர் கை இருந்தபோது ஆட்டுக்காரர் ஆட்டோடு வந்து சேர்ந்ததால் தப்பித்தேன். அதற்குப் பிறகு, முதலில் யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்பதைச் சொல்லாமல் நான் மைக்கைத் தொட்டதில்லை.

அப்படிக் கவனமாக இருந்தும் அந்தக் காலனித் தேர்தலில் மாட்டிக்கொண்டேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

காலனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் இரண்டு வீடுகளில் எனக்குச் சாப்பாடு போடுகிறார்கள், அதைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை. பத்தமடைக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவில், வாய்க்காலை ஒட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல வரிசையில் சொந்த வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். கீழ வரிசையில் வாடகைக்கு இருப்பவர்கள். ஆற்றுத் தண்ணீர் மேல வரிசைத் தொட்டிக்கு வந்து, அங்கே எல்லோரும் பிடித்து, செடிக்கும் ஊற்றி, வண்டியும் கழுவிய பிறகு மிச்சம் இருந்தால் கீழே போகும். மிச்சம் இருப்பதில்லை. கீழ வரிசைக்காரர்கள் ஆழ்குழாயின் உப்புத் தண்ணீரைக் குடித்தார்கள்.

காலனிக்கு ஒரு சங்கம், அதற்கு ஒரு தலைவர். எத்தனையோ வருஷமாகத் தலைவர் பிள்ளைவாள்தான். தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நேர்மையான மனிதர், ஒருவர் வீட்டுக் காப்பியைக்கூடச் சும்மா குடிக்க மாட்டார். ஒரே ஒரு பழக்கம், எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டுவிடுவார். தேர்தல் நடக்கும் விதம் இது: வீட்டுச் சொந்தக்காரர்கள் மட்டும் பிள்ளையார் கோவிலில் கூடுவார்கள். பிள்ளைவாள் எழுந்து "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்பார். இருக்காது. உளுந்தவடை ஆறுவதற்குள் தேர்தல் முடிந்துவிடும்.

அந்த வருஷம் கோடையில் அப்படி ஒரு கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது கீழ வரிசை ஆவுடையம்மாள் உள்ளே வந்தார். வீட்டில் அப்பளம் போட்டுக் கல்லிடைக்குறிச்சிக்குக் கொடுத்துப் பிழைக்கிறவர். நான் வாசலில் மைக்செட்டோடு உட்கார்ந்திருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது.

"எங்க வரிசைக்குத் தலைவரு யாருங்கய்யா?"

"நான்தாம்மா."

"உங்கள யாரு போட்டது? நான் போடலியே."

"வீட்டுக்காரங்க போட்டாங்க. விதியில அப்படித்தான் இருக்கு."

"விதிய யாரு எழுதுனது?"

"நான்தான்."

விதியை எழுதியது நான்தான் என்று ஒரு மனிதர் தன் சந்நிதியில் நின்று சொன்னதைக் கேட்டு அந்தப் பிள்ளையாரே ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்திருப்பார். பிள்ளைவாளுக்கும் தான் சொன்னது காதில் விழுந்தது. நேர்மையான மனிதர் என்று சொன்னேன் அல்லவா, முகம் சிவந்துவிட்டது. பிறகு சொன்னார்:

"சரி. இந்தத் தடவ பதினெட்டு வயசு முடிஞ்ச எல்லாருக்கும் ஓட்டு. சொந்த வீடு, வாடகை வீடு, ஆம்பள, பொம்பள, எல்லாருக்கும். ஆனா ஒண்ணு. தகராறு வந்தாலோ, செல்லாத ஓட்டு விழுந்தாலோ, அடுத்த தடவையிலருந்து பழையபடி வீட்டுக்காரங்க மட்டுந்தான்."

மேல வரிசைக்காரர்கள் சிரித்தார்கள். கீழ வரிசைக்கு ஓட்டுப் போடத் தெரியாது, எப்படியும் பழையபடிதான் என்று அவர்களுக்கு நம்பிக்கை. ஆவுடையம்மாள் சிரிக்கவில்லை.

"ஒரு ஓட்டு செல்லாமப் போனாலும் நான் அப்புறம் வாயத் திறக்கலய்யா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போனவர் சும்மா இருக்கவில்லை. பச்சை அப்பளத்தில் இரண்டு கட்டம் கீறி, ஒரு கட்டத்துக்குள் மட்டும் முத்திரை விழ வேண்டும், கோட்டில் விழக்கூடாது என்று கீழ வரிசை முழுவதையும் பழக்கினார். அந்த வாரம் அங்கிருந்து போன அப்பளங்கள் சிலவற்றில் முத்திரைக் குறி இருந்ததாகக் கேள்வி. பொரித்தவர்கள் புது மார்க் என்று நினைத்திருப்பார்கள்.

பிள்ளைவாளை எதிர்த்துக் கீழ வரிசையில் நின்றவர் ஒரு பாய். மஸ்கட்டில் பல வருஷம் குழாய் வேலை பார்த்துவிட்டு வந்து, காலனி முக்கில் சின்னதாகச் சாமான் கடை வைத்திருந்தார். 'எல்லா வரிசைக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர்' என்பது அவருடைய வாக்குறுதி. பிள்ளைவாளின் வாக்குறுதி 'எல்லாம் விதிப்படி நடக்கும்' என்பது.

தேர்தலை நடத்த வெளியூரிலிருந்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவரை அழைத்து வந்தார்கள். சின்னம் வேண்டும் அல்லவா? சங்கத்து அறையில் கிடந்த சாமான்களை எழுதிச் சீட்டுக் குலுக்கிப் போட்டார் டீச்சர். பிள்ளைவாளுக்குப் பாய் வந்தது. ரொம்பச் சந்தோஷம் அவருக்கு. "கல்யாணத்துக்கு விரிக்கிற சாமான்லா, மங்கலமான சின்னம்" என்றார். கடைக்காரருக்குச் செம்பு வந்தது.

"செம்பத் தூக்கிட்டு வாய்க்கால் பக்கம்லா போவாங்க!" என்றார் மேல வரிசைக்காரர் ஒருவர்.

"போவும்வே, போவும். மோட்டார் நின்னா நீரும் அந்தச் செம்பத்தான் தூக்கணும்" என்றார் பாய்.

இதைப் படிக்கும் உங்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். அங்கே இருந்த ஒருவருக்கும் புரியவில்லை. ஓட்டுச் சீட்டில் படம் வரைந்திருந்தது, அது பாயாகவே இருந்தது. வாயைத் திறந்தால்தான் வம்பு. வாயைத் திறக்க வேண்டியவன் நான்.

அந்தப் பக்கத்தில் அறிவிப்பு ஆட்டோ என்னுடையது ஒன்றுதான். காலையில் பிள்ளைவாளுக்கு, மதியத்துக்கு மேல் பாய்க்கு என்று இரண்டு பேருமே என்னைப் பேசிவைத்தார்கள். ஓட்டுகிறவன் செல்லையா. என்னோடு நெடுநாள் இருந்தவன். நான் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசுவான். முதல் நாள் காலையில் பிள்ளைவாள் எழுதிக் கொடுத்த தாளை வாங்கினேன். கீழே பச்சைக் கையெழுத்து, தேதி. படுதாவை இறக்கிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"அன்பார்ந்த காலனி வாழ் பெரியோர்களே, தாய்மார்களே! உங்கள் பொன்னான வாக்குகளைப் பாய்க்கே அளியுங்கள்! மறவாதீர்கள்! பாய்! பாய்! பாய்!"

கீழ வரிசையில் ஒரே ஆரவாரம். வண்டியை நிறுத்தி நன்னாரி சர்பத் கொடுத்தார்கள். "பிள்ளைவாள் காசு குடுத்து வச்ச வண்டியில பாய்க்கு ஓட்டுக் கேக்காவளே! பெரிய மனசுதான்!" என்று ஒரு பெண் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். எனக்கு உள்ளே ஒன்றும் விளங்கவில்லை. செல்லையா, "நல்லாருக்குக்கா, இன்னொரு கிளாஸ் குடுங்க" என்றான்.

மேல வரிசைக்குத் திரும்பியதும் பிள்ளைவாள் நடுரோட்டில் நின்று கையைக் காட்டினார். குனிந்து படுதாவுக்குள் தலையை விட்டார்.

"இது யாரு வண்டிவே?"

"இப்பம் உங்க வண்டிதான்யா."

"யாருக்கு ஓட்டுக் கேக்கீரு?"

"பாய்க்குய்யா."

"அதத்தான்வே நானும் கேக்கேன்! என் வண்டியில உக்காந்துக்கிட்டுப் பாய்க்கு எதுக்கு ஓட்டுக் கேக்கீரு?"

"உங்க பாய்க்குத்தான்யா..."

"எனக்கு எந்தப் பாயவே தெரியும்?"

அப்போதுதான் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. கோரையில் நெய்த பாயும், நாம் மரியாதையாகக் கூப்பிடும் பாயும் எழுத்தில் ஒன்றுதான். உச்சரிப்பில் கொஞ்சம் வித்தியாசம் உண்டு என்று படித்தவர்கள் சொல்வார்கள். கூம்புக்கு அந்தப் படிப்பு கிடையாது.

சின்னத்தை மாற்ற முடியுமா என்று டீச்சரிடம் கேட்டோம். சீட்டெல்லாம் அச்சடித்தாகிவிட்டது என்றார். பிள்ளைவாளுக்கும் மாற்ற மனசில்லை. "குலுக்கலில் வந்தது வந்ததுதான்" என்றார்.

சரி, பாயை விட்டுவிட்டு அவருடைய சொந்தப் பெயரைச் சொல்வோம் என்று நினைத்தேன். சீட்டில் மைதீன் என்று இருந்தது. மதியத்துக்கு மேல் "திரு. மைதீன் அவர்களின் சின்னம் செம்பு" என்று சொல்லிக்கொண்டு போனேன். கீழ வரிசையில் ஒருவர்கூடக் கைதட்டவில்லை. "இது யாருடே மூணாவதா ஒரு ஆளு?" என்று பேசிக்கொண்டார்கள். கடை வாசலில் நின்ற பாயே திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு கேட்டதற்கு, "அந்தப் பேரச் சொல்லி எங்க உம்மா மட்டுந்தான்வே கூப்பிடுவாவ. அவுக மௌத்தாகி எத்தனையோ வருசமாச்சு. இப்பம் அந்தப் பேரக் கேட்டா வேற யாரையோ கூப்பிடுத மாதிரில்லா இருக்கு" என்றார்.

அப்படியானால் பிள்ளைவாளின் பாய்க்கு முன்னால் ஒரு சொல்லைச் சேர்ப்பதுதான் வழி என்று முடிவு செய்தேன். தம்பிகளே, தங்கச்சிகளே, என் புத்தி கெட்ட இடம் இதுதான்.

மறுநாள் "கோரைப்பாய்" என்றேன். மேல வரிசை மாடியிலிருந்து ஒரு அம்மா, "கோரையா? அது எந்தப் பக்கத்து ஊரு? இந்தப் பாய் மேலப்பாளையம்லா?" என்று அடுத்த மாடிக்குக் கேட்டார்.

அதற்கு அடுத்த நாள் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று, தெளிவாக, நிறுத்தி, "படுக்கும் பாய்" என்றேன். "படுக்கும் பாயை மறவாதீர்கள்!"

பத்து வீடு தாண்டுவதற்குள் செய்தி பரவிவிட்டது. பாய் படுத்த படுக்கையாகிவிட்டார், மறந்துவிடாதீர்கள் என்று வண்டியில் சொல்லிக்கொண்டு போகிறார்கள் என்று. மேல வரிசையில் ஓட்டு வேறு, மனிதத்தன்மை வேறு. ரொட்டிப் பொட்டலமும் ஆரஞ்சுப் பழமுமாக ஒரு கூட்டம் கீழ வரிசைக்கு இறங்கியது. அவர்களில் பலர் அதற்கு முன்னால் அந்த வரிசைக்குள் காலெடுத்து வைத்ததே இல்லை. பாய் தன் வீட்டுக் கூரையில் ஏணியைச் சாய்த்து, அதில் நின்று குழாயில் துணி சுற்றிக்கொண்டிருந்தார்.

"பாய்க்கு எப்படி இருக்கு?"

"என்னவே எப்படி இருக்கு? ஹயாத்தா, உசுரோடத்தான் இருக்கேன்! இங்கன பாரும், ஏணியில நிக்கேன்!"

"நீரு ஏன்வே இந்த ஒடம்போட ஏணியில ஏறுதீரு?" என்று அவரைக் கைத்தாங்கலாக இறக்கிப் படுக்க வைத்துவிட்டார்கள். வந்தவர்களுக்குப் பாய் வீட்டில் ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்தவர்கள் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கீழே வைக்கவும் முடியவில்லை, குடிக்கவும் முடியவில்லை.

பிள்ளைவாள் தலையில் கை வைத்துக்கொண்டார். "அனுதாப ஓட்டு வாங்கிக் குடுத்திட்டீரேவே! உம்ம நான் காசு குடுத்து வச்சேனா, அந்த ஆளு வச்சாரா?"

"ரெண்டு பேரும்தான்யா" என்றான் செல்லையா. உண்மைதான், ஆனால் சொல்லியிருக்க வேண்டாம்.

அன்று சாயங்காலம் செல்லையாதான் அந்த யோசனையைச் சொன்னான். "சுருட்டுத பாய்னு சொல்லுங்கண்ணாச்சி. பாயச் சுருட்டலாம், மனுசனச் சுருட்ட முடியாதுல்லா?" கேட்கச் சரியாகத்தான் இருந்தது. இன்றைக்கும் யோசித்துப் பார்த்தால் அதில் தர்க்கத்தில் ஒரு பிழையும் இல்லை.

தேர்தலுக்கு முந்தைய நாள் காலை, "சுருட்டும் பாய் சின்னம்! சுருட்டும் பாயைப் பாரீர்!" என்று கீழ வரிசைக்குள் நுழைந்தேன்.

சர்பத் வரவில்லை. வண்டிக்கு முன்னால் ஒரு விளக்குமாறு வந்து விழுந்தது. பிறகு ஆட்கள் வந்தார்கள்.

"எங்க பாய் எதவே சுருட்டுனாரு? யாரு வீட்டச் சுருட்டுனாரு? எறக்குலே அவன!"

சத்தம் கேட்டு மேல வரிசைக்காரர்களும் வந்துவிட்டார்கள். "வாயி இருக்கு, காது இல்லியாக்கும் உங்களுக்கு? சின்னம்வே அது!" என்று ஒருவர். "பாத்தீரா, தகராறு வந்திட்டுல்லா? விதிப்படி இதோட சரி. நாளைக்கு நடக்கட்டும், ஆனா இனிமே வீட்டுக்காரங்க மட்டுந்தான்" என்று இன்னொருவர். அந்தக் குரலில் கோபம் இல்லை, நிம்மதி இருந்தது. இரண்டு பக்கமும் தோளோடு தோள் முட்டும் தூரத்துக்கு வந்துவிட்டார்கள்.

படுதா விலகியது. ஆவுடையம்மாள். முழங்கை வரைக்கும் உளுந்து மாவு.

"அண்ணாச்சி, வெளிய வாங்க. உங்க வாயாலதான் இவ்வளவும் வந்திருக்கு. ஒருத்தன் மேல ஒருத்தன் கை வச்சிட்டான்னா எங்க ஓட்டு போச்சு. எம் மருமவளுக்கு இப்பந்தான் பதினெட்டு முடிஞ்சிருக்கு, நாளைக்கு முதல் ஓட்டு. அதுவே கடைசி ஓட்டா ஆயிரும். வந்து சரி பண்ணுங்க."

"இல்லம்மா, எனக்குக் கூச்சம். நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்" என்றேன்.

மைக்கை அணைக்கவில்லை. மேல வரிசை, கீழ வரிசை, வாய்க்காலுக்கு அக்கரையில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குச் சாட்டையடி மாதிரி இருந்தது, ஆனால் ஓங்கியிருந்த ஒரு கை கீழே இறங்கியதையும் பார்த்தேன். இறங்கினேன்.

வெயிலில் நின்று அத்தனை முகங்களையும் பார்த்தபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. 'நெய்யும் பாய்' என்று ஒரு புதுச் சொல் வேறு வாய் வரைக்கும் வந்துவிட்டது. நல்லவேளை, விழுங்கிவிட்டேன். பிள்ளைவாளும் பாயும் இரண்டு பக்கத்துக்கும் முன்னால் நின்றார்கள். என்னால் பேச முடியவில்லை. அதனால் மைக்கைப் பாயின் கையில் கொடுத்தேன்.

"என்னத்தவே சொல்ல?"

"நீங்க யாருன்னு நீங்களே சொல்லிருங்க பாய்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

பாய் மைக்கை ஒரு தடவை ஊதிப் பார்த்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். நான்தான் பாய். ஆனா பாய் நான் இல்ல. பாய் பிள்ளைவாள். நான் செம்பு. அவரு வண்டியில சுருட்டுதது என்னைய இல்ல, பிள்ளைவாள."

பிறகு கீழ வரிசையில் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். பாய் மைக்கைப் பிள்ளைவாளிடம் நீட்டினார். பிள்ளைவாள் துண்டைச் சரிசெய்துகொண்டார். நெற்றி நிறையத் திருநீறு.

"மேற்படியார் சொன்னது சரி" என்று ஆபீஸ் தோரணையில் ஆரம்பித்தவர் கொஞ்சம் தயங்கினார். "நான்தான் பாய்."

"எப்பம் மாறுனிய பிள்ளைவாள்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அவுக மாறலவே, வார்த்தைதான் மாறிக் கெடக்கு" என்றார் பாய்.

பிள்ளைவாள் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்த பிறகு மேல வரிசை எப்படிச் சண்டை போடும்? ஆவுடையம்மாள் அந்த இடத்தை விடவில்லை. பரீட்சை வைப்பதுபோலக் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"பிள்ளைவாள் என்ன?"

"பாய்!"

"பாய் என்ன?"

"செம்பு!"

சாயங்காலம் வரைக்கும் சின்னப் பிள்ளைகள் இதையே கத்திக்கொண்டு காலனியைச் சுற்றினார்கள். என் கூம்பைவிட நன்றாகக் கேட்டது.

உங்களுக்குச் சொல்ல நினைப்பது இதுதான். ஒரு சொல் குழம்பிவிட்டால் அதற்கு முன்னால் இன்னொரு சொல்லை ஒட்டாதீர்கள். நான் மூன்று ஒட்டினேன். மூன்றும் ஒவ்வொரு வம்பாக முளைத்தன. வண்டியை நிறுத்துங்கள். இறங்குங்கள். யாரைப் பற்றிய பேச்சோ அவர் கையில் மைக்கைக் கொடுத்துவிடுங்கள். நம் குரல் நல்ல குரலாக இருக்கலாம், ஆனால் 'நான்' என்று சொல்ல அவரால்தான் முடியும்.

ஓட்டுப் போடும் நாளில் கீழ வரிசைப் பெண்கள் கல்யாணத்துக்குப் போவதுபோல் உடுத்தி வந்தார்கள். ஆவுடையம்மாள் மருமகளை முன்னால் விட்டுத் தான் பின்னால் நின்றார். வெளியே வந்ததும் செல்லையா, "யாருக்குக்கா போட்டிய?" என்றான்.

"அதச் சொல்லப்படாதுல்லா" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. அவர் கணவரும் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தாராம். அவருக்கும் அதே பதில்தானாம்.

சாயங்காலம் கோவிலில் வைத்து எண்ணினார்கள். டீச்சர் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துக் காட்டி, பாய், செம்பு, செம்பு, பாய் என்று வாசித்தார். முடிவை அறிவிப்பதற்காக நான் தூண் ஓரத்தில் நின்றேன். சீட்டுகள் தீரப்போகும் நேரத்தில் டீச்சர் ஒன்றைப் பிரித்தவர் வாசிக்காமல் நிறுத்தினார்.

"என்ன டீச்சர், செல்லாததா?" என்றார் மேல வரிசைக்காரர் ஒருவர். இதற்காகவே அவர் காத்திருந்தது தெரிந்தது.

"ஆமா. இது செல்லாது."

ஆவுடையம்மாள் முந்தானையைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எந்த வீட்டுப் பிள்ளை கோட்டில் குத்தியதோ என்று கீழ வரிசையில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மருமகள் அழவே தொடங்கிவிட்டாள்.

டீச்சர் சீட்டைத் திருப்பிக் காட்டினார். முத்திரை, பாய்ப் படத்தின் கட்டத்துக்குள் நட்ட நடுவில் சரியாக விழுந்திருந்தது. அதன் கீழே பச்சை மையில் ஒரு கையெழுத்து. தேதியும் இருந்தது.

பிள்ளைவாள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பக்கத்தில் போய், யாரோ ஒருவருடைய மனுவைச் சரிபார்ப்பதுபோல் பார்த்தார்.

"கையெழுத்து என்னுதுதான்" என்றார்.

"கைப் பழக்கம்யா" என்றார் ஆவுடையம்மாள் மெதுவாக. "எண்ணிக்கிடுங்க டீச்சர்."

"எண்ணப்படாது. செல்லாதுன்னா செல்லாது" என்றார் பிள்ளைவாள்.

அந்த மேல வரிசைக்காரர் மட்டும் விடவில்லை. "அப்பம் செல்லாத ஓட்டு விழுந்திட்டுல்லா. நீங்க சொன்ன விதிப்படி, அடுத்த தடவ..."

பிள்ளைவாள் கண்ணாடியைக் கழற்றினார். சீட்டை ஒரு தடவை பார்த்தார், ஆவுடையம்மாளை ஒரு தடவை பார்த்தார்.

"அடுத்த தடவ எல்லாரோடயும் சேந்து நானும் சரியாப் போட்டுருதேன்வே" என்றார்.

ஆவுடையம்மாள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரோ அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்கள். மேல வரிசைத் தொட்டித் தண்ணீர்.

பாய்தான் ஜெயித்தார். ஆரஞ்சுப் பழத்தோடு போய் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களில் சிலரும் செம்பில் குத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு ஒத்துவராது. நான் மைக்கை வாங்கி, "வெற்றி பெற்றவர், சாமான் கடை வைத்திருக்கும், மஸ்கட்டிலிருந்து வந்த, செம்புச் சின்னத்தில் நின்ற, மனிதரான பாய்" என்று அறிவித்தேன். அதற்கு மேல் எனக்குத் துணிச்சல் இல்லை.

மறுநாள் காலையில் வால்வைத் திருப்பினார்கள். கீழ வரிசைக் குழாயில் ஆற்றுத் தண்ணீர் வந்தது. நானும் செல்லையாவும் பத்தமடைக்கு மின்தடை அறிவிப்புக்குப் போனோம்.